கெமிஸ்ட்ரி டீச்சருக்குச் சளி பிடித்த கதை

இருமலுக்கு முதன்முதலில் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது கொரோனா அல்ல, செல்போன். 2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்காது. யாரோ லொக்கு லொக்கென்று இருமுவார்கள். இருமி முடித்த பிறகுதான் கையைக் கழுவுங்கள், கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று அறிவுரை வரும். முதல் தடவை கேட்டபோது அது என் நாத்தனார் என்றே நினைத்துவிட்டேன். "என்ன மதினி, இப்படி இருமுறீங்க? சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடிங்க" என்று பதிவுக் குரலுக்கு வைத்தியம் சொன்னேன். பெருந்தொற்றுக் காலத்தில் நான் பார்த்த முதல் நோயாளி அந்தக் காலர் டியூன்தான்.

அடுத்து வந்தவர்கள் விஷயத்திலும் என் கணிப்பு பெரிதாகத் தேறவில்லை. சளியைக் கொரோனா என்றேன். கொரோனாவை அலர்ஜி என்றேன். ஃப்ளூவை வெயில் என்றேன். நான் மதுரையில் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். எங்கள் தெருவில் கெமிஸ்ட்ரி டீச்சர் என்றால் பாதி டாக்டர். பக்கத்துத் தெரு பிசிக்ஸ் சாருக்கு அந்த மரியாதை கிடையாது. ஃபேன் ஓடவில்லை என்றால்தான் அவரிடம் போவார்கள்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நிகழ்ந்தது எங்கள் ஊரில், 2020 மார்ச் 25 அதிகாலை. அன்றைக்கே நாடு முழுக்க ஊரடங்கும் தொடங்கியது. அந்த நாட்களின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தெருவே அரண்டு கிடந்தது. அரண்டவர்களுக்கு யாராவது தெம்பாக நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு நான் முன்வந்தேன், கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

சோப்பு எப்படிக் கொரோனாவைக் கொல்கிறது என்று மாணவர்களுக்காக ஒரு வீடியோ எடுத்தேன். வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரோடு சேரும், இன்னொன்று எண்ணெயோடு சேரும். எண்ணெயோடு சேரும் முனை போய் அந்தக் கொழுப்பு உறையில் நுழைந்து அதைப் பிய்த்துவிடும். உறை போனால் வைரஸால் நம் செல்லுக்குள் நுழைய முடியாது. இருபது வினாடி தேய்க்க வேண்டும். இதுவரை ஒரு வரி பிசகில்லை. ஆனால் கடைசியில், "இந்த ஒரு பழக்கம் இருந்தால் எந்தக் கிருமியும் உங்களை அண்டாது" என்று முத்தாய்ப்பு வைத்தேன். பரீட்சைத் தாளில் ஒரு மாணவி அப்படி எழுதியிருந்தால் அந்த 'எந்த'வுக்கு நானே அரை மார்க் குறைத்திருப்பேன்.

வீடியோ தெருவில் நன்றாக ஓடியது. அந்த மிதப்பில் வீட்டையே லேப் ஆக்கினேன். பால் பாக்கெட்டுக்குக் குளியல், பேப்பர்காரருக்கு விடுமுறை, ரூபாய் நோட்டுக்கு இஸ்திரி. காய்கறி எல்லாம் சோப்புத் தண்ணீரில் முங்கி எழுந்து, மொட்டை மாடியில் வெயில் காய்ந்த பிறகுதான் அடுப்படிக்கு வரும். கறிவேப்பிலையையும் விடவில்லை. ஒருநாள் ரசம் வழக்கத்துக்கு மீறி நுரைத்தது. ரசம் நுரை கட்டும்போதுதானே இறக்க வேண்டும், நல்ல பக்குவம் என்று சொல்லிப் பரிமாறிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, இன்றைக்கு மோர் போதும் என்றார்.

இந்தச் சமயத்தில்தான் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்த செய்தி வந்தது. ஆள் உள்ளே நடந்து வந்தால் மேலே மருந்து தெளிக்கும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செடிக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். ஆட்கள் மேல் இதையெல்லாம் தெளிக்காதீர்கள், பலனும் இல்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்று அதே ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. அது சொல்வதற்குள் கொடியில் காய்ந்த அத்தையின் சுங்குடிச் சேலை மேல் என் கரைசல் பட்டுவிட்டது. அரக்கு நிறச் சேலை. அத்தை அதை விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுப் புள்ளி வைப்பாக, எனக்குத் தெரியும். முடிச்சே போடாம இம்புட்டுப் புள்ளி வச்சது நீதாந்தா."

பொருட்களின் மேற்பரப்பைத் தொட்டுக் கொரோனா வருவதற்கான வாய்ப்பு, ஒரு தடவை தொடுவதற்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. அப்போது அந்தச் சேலை எங்கள் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தது.

இத்தனை காவலையும் மீறி ஊரடங்கின் நடுவில் எனக்கு மூக்கு ஒழுகியது. என் மகனுக்கு அதற்கு முந்தைய நாளே ஒழுகியிருக்கிறது. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தெரிந்து அவன் சட்டைக் கையில் துடைத்து மறைத்திருக்கிறான். தெருவில் ஒருவரையும் பார்க்காத வீட்டுக்குள் எப்படி வந்தது? எனக்கு ஒரே பதில்தான் தெரிந்தது. மாடி அறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். எல்ஐசி பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில், லாக்கர் சாவி எந்த டப்பாவில், பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளினேன். என் வளையல்கள் யாருக்கு என்றும் எழுதியிருந்தேன். அந்தத் தாளை என் வீட்டுக்காரர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், சண்டை வந்தால் எடுத்துப் படிக்க.

காய்ச்சல் முகாமில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ். முகாமில் இருந்த இளவயது டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சாதா சளிம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், ரோஷம்தான் வந்தது. உலகமே ஒரு பெரிய வைரஸோடு போராடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் சாதா சளியா?

சாதா சளியில் பெரும்பங்கு ரைனோ வைரஸ் தருவது. அதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. விஷயம் என்னவென்றால், ரைனோ வைரஸுக்குக் கொழுப்பு உறையே கிடையாது. வெறும் புரத ஓடுதான். என் வீடியோவில் சோப்பு எதைப் பிய்க்கிறது என்று விரல் நீட்டிக் காட்டினேனோ, அது இதனிடம் இல்லவே இல்லை. கையைத் தேய்த்துக் கழுவினால் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். சானிடைசரும் இதனிடம் அவ்வளவாக எடுபடாது. ஃப்ளூ உலகம் முழுக்கக் காணாமல் போன அந்தக் காலத்தில், ஓய்வெடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது ரைனோதான். ஹாங்காங்கில் 2020 இறுதியில் பள்ளி திறந்ததும், பிள்ளைகள் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தும், இந்தச் சளி பரவி மறுபடி வகுப்புகளை மூட வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் அதற்கு வாசல் மொட்டை மாடி. நான் கறிவேப்பிலை காயவைத்த அதே மாடியில், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கம் என் மகன், நடுவில் ஒரு சிப்ஸ் பாக்கெட். "நீங்க சொன்ன மாதிரி பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தாம்மா பிரிச்சோம்" என்றான். பொய் சொல்லவில்லை. வெளிப்புறம் பளபளவென்றுதான் இருந்திருக்கும். உள்ளே எத்தனை கை போய் வந்தது என்பதுதான் கணக்கில் வரவில்லை.

கை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலியட் டிக் என்பவர் செய்த ஒரு சோதனை 1987இல் வெளியானது. ரைனோ சளி பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரே அறையில் மணிக்கணக்காகச் சீட்டாட விட்டார். சளி இல்லாதவர்களில் பாதிப் பேருக்குக் கை முகத்துக்குப் போகாதபடி கட்டு, அல்லது கழுத்தில் பெரிய தட்டு மாதிரி ஒரு பட்டை. அவர்களால் மூக்கையோ கண்ணையோ தொட முடியாது. மீதிப் பேருக்கு ஒரு தடையும் இல்லை. இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சளி பிடித்தது. பிறகு, சளிக்காரர்கள் ஆடி ஆடி ஊறிப்போன அதே சீட்டுக்கட்டை வேறு அறையில் இருந்தவர்களிடம் கொடுத்து ஆடச் சொல்லி, மூக்கையும் கண்ணையும் தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கே ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காற்று வழியாகத்தான் என்று டிக் முடிவுக்கு வந்தார். கை வழியாகவும் பரவும் என்று காட்டிய சோதனைகளும் உண்டு. விஞ்ஞானிகள் இதைப் பற்றி நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். என்னைக் குத்தியது அந்தச் சீட்டுக்கட்டுத்தான். நான் பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டிய அந்த நாட்களிலெல்லாம், தெருவிலிருந்து கொரோனா வந்துவிடும் என்று வீட்டுச் சன்னல்களை இறுகச் சாத்தி வைத்திருந்தேன். ஒரே காற்றை எல்லாரும் மாற்றி மாற்றி மூச்சு விட்டோம். அத்தை மட்டும் புழுக்கம் தாங்காமல் நாள் முழுக்கத் திண்ணையில் கிடந்தார். அந்தச் சளி அவருக்கு மட்டும் வரவே இல்லை.

அத்தையோடு எனக்கு இன்னொரு வழக்கும் நடந்தது. தலையைச் சரியாகத் துவட்டாமல் ஈரத்தோடு நின்றால் சளி பிடிக்கும் என்பது அவர் கட்சி. வைரஸ் இல்லாமல் சளி இல்லை என்பது என் கட்சி. எனக்குச் சாட்சியாக இங்கிலாந்தின் சால்ஸ்பரி இருந்தது. அங்கே 1946இல் தொடங்கிய சளி ஆராய்ச்சி நிலையத்தில் தன்னார்வலர்களைக் குளிப்பாட்டி, ஈரம் துவட்டாமல் காற்றடிக்கும் நடையில் அரைமணி நேரம் நிறுத்தி, நனைந்த காலுறையோடு நடமாட விட்டுப் பார்த்தார்கள். அதனால் யாருக்கும் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை. இதே நிலையத்தில் டேவிட் டைரல் குழு சேகரித்த ஒரு சளி மாதிரியைத்தான் 1960களில் ஜூன் அல்மெய்டா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து, கிரீடம் வைத்த ஒரு புதிய வைரஸைக் காட்டினார். கிளாஸ்கோவில் பஸ் டிரைவர் மகளாகப் பிறந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டு லேப் வேலைக்குப் போனவர் அவர். கொரோனா என்று உலகம் அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்ததே அதற்குப் பிறகுதான். அவரைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது மட்டும் என் பிள்ளைகள் செல்போனை மறந்து கேட்பார்கள்.

சால்ஸ்பரி கதையை அத்தையிடம் வெற்றிக் களிப்போடு சொன்னேன். "வெள்ளைக்காரன் ஒடம்பும் நம்ம ஒடம்பும் ஒண்ணாத்தா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். அதற்கு அப்புறம் படித்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. 2005இல் கார்டிஃப் நகரில் 180 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரின் காலை இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள், கால் நனைந்த 90 பேரில் 13, நனையாத 90 பேரில் 5. உடம்புக்குள் ஏற்கனவே பதுங்கியிருந்த வைரஸ் குளிரில் தலைதூக்கியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அத்தை முழுக்கத் தப்பில்லை என்று அர்த்தம். இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வருவதால், இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட உத்தேசம்.

அரைகுறைப் படிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இன்னொன்று. ரைனோ தொற்றினால் மூச்சுக்குழாய்ச் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதங்களைச் சுரந்து உஷாராகிவிடுகின்றன, அந்த நேரத்தில் கொரோனாவால் அங்கே சரியாகப் பெருக முடிவதில்லை என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. லேபில் வளர்த்த மனிதத் திசுக்களில் பார்த்தது. நான் தலைப்பை மட்டும் படித்தேன். அந்த வாரம் எனக்கு லேசாக மூக்கடைப்பு. அதையே கவசம் என்று நினைத்து மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ரேஷன் கடை வரிசையில் நின்றேன். அதற்கு முந்தைய வருடம் முழுக்க நான் போட்டிருந்தது வால்வு வைத்த என்95. விலை கூடியது என்பதால் நல்லது என்று வாங்கியது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும், நான் விடும் மூச்சை அப்படியே எதிரே நிற்பவருக்கு அனுப்பும். அதைப் போடாதீர்கள் என்று மத்திய அரசு 2020 ஜூலையிலேயே எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியிருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற யாராவது இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வகுப்புகள் திறந்தன. ஒரு மாணவி தும்மினாள். "அலர்ஜி டீச்சர், சாக்பீஸ் தூசி" என்றாள். நான் நம்பவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கு நிஜமாகவே சாக்பீஸ் தூசி ஆகாது. ஆனால் அந்தக் காரணம் எனக்குப் பிடித்துப்போயிற்று, மனதில் குறித்துக்கொண்டேன்.

பயன்படுத்தும் வேளை 2022 பொங்கலுக்கு வந்தது. ஒமிக்ரான் பரவிக்கொண்டிருந்த நேரம், ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. எனக்குத் தொண்டையில் முள் மாட்டிய மாதிரி. மாட்டுப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மெடிக்கலில் 250 ரூபாய் கொடுத்து கோவிசெல்ஃப் வாங்கி வந்தார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட்.

லேப் மேசை மாதிரி சாப்பாட்டு மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். மூக்குக்குள் குச்சியை இரண்டு முதல் நாலு சென்டிமீட்டர் வரை விட்டு, ஒவ்வொரு பக்கமும் ஐந்து சுற்றுச் சுற்றச் சொல்லியிருந்தது. ஒரு சென்டிமீட்டர் போனதுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கு நுனியிலேயே சும்மா சுற்றிவிட்டு எடுத்தேன். பிள்ளைகள் பிப்பெட்டில் அளவு குறைத்தால் நான் போடுகிற சத்தம் மூன்று வகுப்புக்குக் கேட்கும். குழாயில் குச்சியை முக்கிப் பிழிந்து, அட்டையில் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். பதினைந்து நிமிடம். 'சி' பக்கத்தில் கோடு திடமாக வந்தது. 'டி' பக்கத்தில் ஒன்றுமில்லை. இல்லை, இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு வெளிர் இளஞ்சிவப்பு.

என் பிழைப்பே அந்த வெளிர் இளஞ்சிவப்புத்தான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக் குடுவையில் முதன்முதலாக நிலைத்து நிற்கும் அந்த மெல்லிய நிறம்தான் முடிவு நிலை. அதைப் பார்க்கத் தவறிக் கத்தரிப்பூ நிறம் வரும்வரை ஊற்றும் பிள்ளைகளிடம் வருடா வருடம் கேட்பேன்: "கண்ணு எங்க இருக்கு? பின்னால வெள்ளைத் தாள் வச்சுப் பாரு." அட்டையைச் சன்னலோரம் கொண்டுபோனேன். பின்னால் வெள்ளைத் தாள் வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று கிட்டோடு வந்த தாளில் அச்சடித்திருந்தது.

"நிழல்" என்றேன்.

"நெசமாவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கெமிஸ்ட்ரி நானா நீங்களா? தொண்டை வெறும் அலர்ஜி."

அண்ணன் வீட்டில் நன்றாகக் கவனித்தார்கள். அடுத்த வாரம் அங்கிருந்து போன். எல்லாருக்கும் காய்ச்சல், இருமல். நல்லவேளை யாருக்கும் மூச்சுத் திணறல் வரை போகவில்லை, ஊசியும் இரண்டு தவணை போட்டிருந்தார்கள். அண்ணன் கோபப்படவில்லை. "காலம் காலமா அண்ணன்தான் தங்கச்சிக்குப் பொங்கச்சீர் கொண்டாந்து குடுக்குறது வழக்கம். நீ மாத்திக் குடுத்துட்ட தாயி" என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து பொங்கலுக்கு முதல் வாரமே, "சீர் எதுவும் எடுத்துட்டு வராத" என்று தகவல் சொல்லிவிடுகிறான்.

அந்தச் சித்திரையில் அழகர் வைகைக்கு வந்தார். இரண்டு வருடம் வராதவர் வருகிறார் என்று ஊரே ஆற்றில் நின்றது. நானும் நின்றேன், மாஸ்க் கைப்பையில் இருந்தது. வீட்டுக்கு வந்து இருமியதற்கு ஆற்றுப் புழுதிதான் காரணம் என்று சொன்னேன். என்ன வைரஸோ, அழகருக்குத்தான் வெளிச்சம்.

2023 மார்ச்சில் ஃப்ளூ திரும்பி வந்தது, எச்3என்2 என்ற வகை. நாடு முழுக்கக் காய்ச்சல், விடாத இருமல். வெயில் ஆரம்பித்துவிட்டது, சூடு என்று நான் எனக்கே சீட்டு எழுதிக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை உள்ள பட்டை. கொரோனா காலத்தில் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருந்த மருந்து. கவுன்ட்டரில் நின்றவன் என் பழைய மாணவன்.

"சளிக் காய்ச்சலுக்கா டீச்சர்?"

"ஆமாப்பா."

"ஃப்ளூன்னா இது கேக்காதே டீச்சர். பாக்டீரியாவுக்குத்தானே..."

பிளஸ் டூ புத்தகத்தில் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' என்று கடைசிப் பாடம். எந்த மருந்து எதன் மேல் வேலை செய்யும் என்பதெல்லாம் அதில்தான் வரும். அவனுக்கு அதை நடத்தியது நான். "நீ பில்லைப் போடு" என்றேன்.

மூன்று நாளைக்கு மூன்று மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பார்த்தாயா, கேட்டுவிட்டது என்று மனதுக்குள் அந்தப் பையனிடம் வாதாடினேன். இந்திய மருத்துவச் சங்கம் அதே மாதம் ஒரு குறிப்பு வெளியிட்டது. காய்ச்சல் மூன்று நாளில் தானாக விடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும், ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று டாக்டர்களுக்கே சொல்லியிருந்தது. ஜனங்கள் கண்டபடி அசித்ரோமைசின் விழுங்குவதையும் கண்டித்திருந்தது. மாத்திரை மூன்றோடு முடிவதும் காய்ச்சல் மூன்றோடு முடிவதும் ஒத்துப்போனதில், எத்தனை லட்சம் பேர் அந்தப் பட்டைக்குக் கும்பிடு போட்டிருப்பார்களோ! எனக்கு இருமல் மட்டும் நிற்கவில்லை. வகுப்பில் இருமிக்கொண்டே அந்தக் கடைசிப் பாடத்தைத் திருப்புதல் செய்தேன்.

2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று ஒரு பெயர் டிவியில் ஓடியது. சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்றார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கதோஷம், "சீனாவிலேர்ந்து புதுசா வந்திருக்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். அதை நெதர்லாந்தில் 2001இலேயே கண்டுபிடித்தார்கள். அங்கே பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, 1958லேயே மனிதர்களுக்குத் தொற்றியிருந்ததும் தெரிந்தது. அது எனக்கு மூத்தது. சின்ன வயதில் எனக்கே வந்துபோயிருக்கும், அன்றைக்கு அத்தையைப் போல யாராவது திப்பிலி உரசிக் கொடுத்திருப்பார்கள்.

என் கணிப்புகள் இருக்கட்டும். ஃப்ளூ காணாமல் போனதாகச் சொன்னேன் அல்லவா, அது எவ்வளவு தூரம் நிஜம் என்பதற்கு ஒன்று: அமெரிக்காவில் 2019–20 பருவத்தில் ஃப்ளூவால் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் 199, அடுத்த பருவத்தில் ஒன்று. பள்ளி மூடல், விமானம் நிற்றல், மாஸ்க் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஃப்ளூவில் பி/யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவே இல்லை. இனி அதைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. எந்த மருந்தும் அதை ஒழிக்கவில்லை. மனிதர்கள் சில மாதம் ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு விடாமல் இருந்தார்கள், அதற்குப் போக இடமில்லாமல் போயிற்று. மற்ற கிளைகள் எல்லாம் பத்திரமாகத் திரும்பிவிட்டன.

வடக்கே ஃப்ளூ ஆடி ஆவணி மழையோடு ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் ஐப்பசி மழையோடு ஏறுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் வயதானவர்களோ, சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களோ இருந்தால், ஃப்ளூ ஊசி போடலாமா என்று புரட்டாசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அத்தைக்குப் போட்டாயிற்று. இருமல் உள்ளவர்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்து வையுங்கள். என்ன வைரஸ் என்று மட்டும் தயவுசெய்து என்னிடம் கேட்க வராதீர்கள். வந்தால் பதில் சொல்லிவிடுவேன்.